அப்பாவின் கைப்பட்டை

எங்கப்பா குவெக் செங் ஹொக்குக்கு இதயம் பலவீனம், நாக்கு மட்டும் அடங்காது. போன வருஷம் ஆஸ்பத்திரியில் அவர் கையில் ஒரு பட்டையைக் கட்டிவிட்டார்கள். அது அனுப்பும் துடிப்பு, மூச்சு, தூக்கம் எல்லாவற்றையும் வைத்துக் கணினிக்குள் இன்னொரு அப்பாவை உண்டாக்கினார்கள். மின்னிலக்க இரட்டையாம். இவருக்கு வரப்போகும் கோளாறு அதற்கு முன்கூட்டியே தெரிந்துவிடுமாம். உப்பு கொஞ்சம் கூடினால் போதும், தாதி ரொஸ்னா போன் பண்ணிவிடுவாள்.

"கட்டினவகூட என்னை இப்படி வேவு பாத்ததில்ல" என்று அப்பா கறுவுவார்.

சீனப் புத்தாண்டு முதல் நாளில் எங்கள் வீடுகளில் நோய், மருந்து என்று யாரும் வாயெடுக்கமாட்டோம். எடுத்தால் வருஷம் முழுக்க ஆஸ்பத்திரிதான் என்று பயம். கல்யாணமான பெண் பிறந்த வீட்டுக்குப் போவது இரண்டாம் நாள்தான். அப்படித்தான் நானும் ஆரஞ்சுப் பையோடு சிங்கப்பூர் தோ பாயோவில் இருக்கும் அப்பா வீட்டுக்குப் போனேன்.

அப்பா உறவுக்காரர்களோடு மாஜோங் சூதாட்ட மேசையில், வாய் நிறைய சுட்ட பன்றி இறைச்சி. கதவைத் திறந்தது அம்மா.

"என்னம்மா, முகம் இப்படி வெளுத்திருக்கு?"

"நல்ல நாளும் அதுவுமா வாய மூடு! நேத்து பூரா அடுப்படியில நின்னேன்ல, மூச்சு வாங்குது. உக்காரு, டீ கொண்டாரேன்."

அவள் உள்ளே போனதும் போன் அடித்தது. அண்ணன் ஜுன் காய் எட்டிப் பார்த்துச் சலித்துக்கொண்டான்.

"மறுபடியும் அந்தத் தாதி! நேத்தும் கூப்பிட்டுச்சு. அப்பாவுக்குத் துடிப்பு தாறுமாறா இருக்காம், உடனே கூட்டிட்டு வரணுமாம். ஆளு இங்க ஜெயிச்சுட்டு உக்காந்திருக்காரு, போங்கம்மான்னு வச்சுட்டேன்."

நான் பிடுங்கி எடுத்தேன். "மேடம், அவரோட இரட்டை நேத்தைவிட மோசமா இருக்கு. ஆம்புலன்ஸ் அனுப்பவா?" என்றாள் ரொஸ்னா.

அப்பாவின் கையைப் பார்த்தேன். வெறுங்கை.

"பட்டை எங்கப்பா?"

கண்ணடித்தார். "நேத்திலேர்ந்து உங்கம்மா கையில. கழட்டி வச்சா கூப்பாடு போடும். அவ கட்டிக்கிட்டா நான் நிம்மதியா திங்கலாம். எப்படி என் மூளை? உடம்பு மாறிட்டதால கம்ப்யூட்டர் குழம்பி உளறுது."

மேசையே சிரித்தது. அட பாவிகளா! அந்தத் துடிப்பு யாரோ ஒருத்தருடையதுதானே என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லையே!

"அனுப்புங்க!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். அம்மா அடுப்படித் தரையில் சாய்ந்து கிடந்தாள். பட்டையில் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருந்தது.

"அப்பாகிட்ட சொல்லாதடி. ஆட்டம் கெட்டுடும்" என்றாள். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

மாரடைப்பு முதல் நாளே தொடங்கிவிட்டதாக டாக்டர் சொன்னார். அன்றைக்கே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாளாம். அம்மாவுக்கென்று எந்த இரட்டையும் கிடையாது. அவளை யாரும் ஒரு பரிசோதனைக்குக்கூட அழைத்துப் போனதில்லை.

ஆஸ்பத்திரி நடைபாதை பெஞ்சில் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பெக் யான்... நேத்து அவங்க கூப்பிட்டது அவளுக்காகவா?"

எனக்கு இரக்கம் வரவில்லை.

"ஆமாப்பா. உங்க பேரைச் சொல்லிக் கூப்பிட்டதுக்கே யாரும் எந்திரிக்கல. அம்மா பேரைச் சொல்லியிருந்தா மட்டும் எந்திரிச்சிருப்பீங்களா?"