டாங்கியின் பெயர் வாலு

இணையக் கலைக்களஞ்சியத்தில் என் அப்பாவுக்கு ஒரு பக்கம் இருக்கிறது. பிரிகேடியராக ஓய்வு பெற்றவர்; போரில் ஒரு பாலத்தை விட்டுக்கொடுக்காமல் காத்ததற்காகப் பதக்கம் வாங்கியவர். பக்கத்தை எழுதியது யாரோ ஒரு புண்ணியவான். பிழைகளை மட்டும் வஞ்சனை இல்லாமல் அள்ளித் தெளித்திருந்தார். நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். கை சும்மா இருக்குமா?

ஒற்று, தேதி, படைப்பிரிவு என்று சரிசெய்துகொண்டே வந்தவள் ஒரு வரியில் நின்றேன். 'இவருடைய டாங்கி படைவரிசையின் கடைசியில் சென்றதால் வாலு என்று பெயர் பெற்றது.'

சுருக்கென்று கோபம் வந்தது. கடைசியில் போனால் அது வால். வாலு என்றால் அடங்காத பிள்ளை. இதுகூடவா தெரியாது? அப்புறம்தான் உறைத்தது. அந்த வாலு நான்.

அப்பா என்னை அப்படித்தான் கூப்பிடுவார். "வாலு, என் செருப்பை எங்கடி ஒளிச்ச?" அவர் போருக்குப் போனபோது நான் சின்னக் குழந்தை. மெலிந்து கறுத்துப்போய்த் திரும்பி வந்து வாசலில் நின்றவரைப் பார்த்து, அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "யாரும்மா இந்த மாமா?" என்று கேட்டேனாம். அதன்பிறகு எனக்குச் செல்லப்பெயரே இல்லை. பள்ளிக்கூடத்தில் கொடுத்த பெயரைத்தான் கூப்பிட்டார், அதுவும் ஆஜர் எடுப்பதுபோல. அந்த ஒரு வார்த்தைக்காக அவர் கண்ணை மூடும்வரை ஏங்கினேன். தலை நரைத்த பிறகும் ஏங்குகிறேன், சொல்ல வெட்கமில்லை.

அதை டாங்கியில் எழுதி வைத்திருந்தார் என்பது ஊர் உலகத்துக்கெல்லாம் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

'தம் மகளின் செல்லப்பெயரை டாங்கிக்கு வைத்தார்' என்று உடனே மாற்றினேன். டீ ஆறுவதற்குள் அது நீக்கப்பட்டிருந்தது. நீக்கியவர் அந்தப் பக்கத்துக்குக் காவல் இருக்கும் ஆள். வைத்துக்கொண்ட பெயர் 'அரைப்புள்ளி'. உரையாடல் பகுதியில் சண்டைக்குப் போனேன்.

"அந்த மகளே நான்தாங்க!"

"அதனாலதாங்க நீங்க எழுதக் கூடாது. சொந்தக்காரங்க நிறுத்தற்குறி மட்டும் திருத்தலாம். அச்சுல வந்த சான்று ஏதாவது இருக்கா?"

"எங்கப்பா என்னைக் கூப்பிட்டப்ப எந்தப் பத்திரிகைக்காரர் பக்கத்துல நின்னு குறிப்பெடுத்தார்?"

"கோவிச்சுக்காதீங்க. பேர் இந்தப் பக்கத்துல இருக்கற டாங்கி போட்டோவுல தெரியுது, அது இருக்கட்டும். கடைசியில போன கதைக்கும் சான்று இல்ல. அதைத் தூக்கிடறேன்."

தூக்கிவிட்டார். 'இவருடைய டாங்கியின் பெயர் வாலு' என்பது மட்டும் மிஞ்சியது. அவசரத்தில் முற்றுப்புள்ளியையும் சேர்த்துத் தூக்கியிருந்தார். பெயருக்கு ஏற்ற ஆள்தான்.

அம்மா இப்போது என்னோடுதான் இருக்கிறாள். சமையலறைக்குப் போய் அவளிடம் பொருமித் தீர்த்தேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை.

"டாங்கில எழுதினதுதான் பெரிசா? வீட்டுல தினமும் சொல்வாரே."

"எங்க சொன்னார்? ஒரு தடவைகூட என்னைக் கூப்பிட்டதில்லையே!"

"உன்கிட்ட இல்லடி, என்கிட்ட. நீ படுத்தப்புறம் உன் ரூம் கதவுகிட்ட நின்னு, 'வாலு தூங்கிட்டாளா?'ன்னு கேப்பார். நீ கல்யாணமாகிப் போறவரைக்கும் கேட்டார். நேர்லயே கூப்பிடுங்களேன்னா, 'மறுபடியும் யாருன்னு கேட்டுட்டா?'ன்னுடுவார்."

எத்தனையோ நாள் நான் தூங்கவே இல்லை. போர்வைக்குள் கதைப்புத்தகம் இருக்கும். கதவுக்கு வெளியே அவர் காலடி கேட்டால், திட்டப் போகிறார் என்று பயந்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு தூங்குவதுபோல் நடிப்பேன்.

மறுபடி அந்தப் பக்கத்தைத் திறந்தேன். சொந்தக்காரிக்கு அனுமதித்த ஒரே வேலையைச் செய்தேன். வாலு என்பதற்குப் பின்னால் ஒரு முற்றுப்புள்ளி வைத்தேன். சேமிப்பதற்கு முன்னால், 'செய்த மாற்றத்தைச் சுருக்கமாகக் குறிப்பிடவும்' என்று ஒரு சின்னக் கட்டம் வந்தது. அதில் எழுதுவதற்கு யாரும் சான்று கேட்பதில்லை. எழுதிவிட்டால் நான் நினைத்தாலும் அழிக்க முடியாது, பக்கத்தின் வரலாற்றில் அப்படியே நின்றுவிடும்.

'இன்னும் தூங்கலப்பா' என்று எழுதிச் சேமித்தேன்.