ஐந்தாவது துளை

எனக்குச் சந்தேகம் கூடவே பிறந்தது. கடையில் முட்டை வாங்கினால் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பேன். பாதிரியார் பிரசங்கத்தைச் சீக்கிரம் முடித்தால், என்ன அவசரமோ என்று யோசிப்பேன். அப்படிப்பட்டவளிடம், மார்ச் மாதத்து மழையில், முன்பின் தெரியாத ஓர் ஆள் போர்வையில் சுற்றிய கிட்டாரைக் கொண்டு வந்து நீட்டினால் சும்மா வாங்கி வைத்துக்கொள்வேனா?

கிட்டார் என்றால் முழுசு இல்லை. கழுத்தும் கம்பிகளும் கழற்றிய வெறும் கட்டை. எலெக்ட்ரிக் கிட்டார்களுக்குச் சுழிப் பெயின்ட் போடுவதுதான் என் பிழைப்பு. எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் கராஜில் ஆளுயரத் தொட்டி ஒன்று வைத்திருக்கிறேன். தண்ணீரில் எனாமல் பெயின்ட்டைச் சொட்டி, குச்சியால் சுழித்துவிட்டு, கட்டையை முக்கி எடுப்பேன். மேலே மிதக்கும் நிறமெல்லாம் மரத்தில் அப்பிக்கொள்ளும். ஒரு தடவை வந்த சுழி இன்னொரு தடவை வராது. இந்த ஸாப்ஜெ சுரங்க ஊரில் மட்டுமல்ல, செக் எல்லையிலிருந்துகூட ஆட்கள் என்னைத் தேடி வருவார்கள்.

"மஞ்சள், கறுப்பு, ஊதா. இந்த மூணு நிறம்தான் வேணும்மா. சனிக்கிழமைக்குள்ள முடியுமா?" என்றான் வந்தவன். முப்பது வயதிருக்கும். பேச்சு என்னிடம், பார்வை வாசல் பக்கம்.

"பழைய பெயின்ட்டைச் சுரண்டி வெள்ளையும் அடிச்சிட்டீங்க போல. யார் செஞ்சது?"

"நானேதான்."

"முன்னாடி என்ன நிறம் இருந்துச்சு?"

"அது… பழசும்மா." மறுபடியும் வாசலைப் பார்த்தான்.

"உக்காருங்க, காபி போடறேன்."

"வேணாம்மா, வேணாம்."

எங்கள் ஊரில் காபியை வேண்டாம் என்பவன் ஒன்று நோயாளி, இல்லையென்றால் போலீஸ்காரன். பெயரைக் கேட்டால் அதற்கும் ஒரு நொடி தயங்கித்தான் நிகோதெம் என்றான். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்?

அவன் போனதும் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். காரை மூன்று கராஜ் தள்ளி நிறுத்தியிருந்தான். அதன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தவன் என் புருஷன் அலோய்ஸ். கராஜ் கூரை மேல்தான் அவனுடைய புறாக் கூடு. எப்போது இறங்கி வந்தானோ தெரியாது. இரண்டு பேரும் தலையோடு தலை வைத்துப் பேசினார்கள். அலோய்ஸ் சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்துக் கொடுத்தான். கார் கிளம்பியது.

கட்டையை விளக்கடிக்குக் கொண்டுபோய்ப் புரட்டினேன். கழுத்து உட்காரும் குழியில் நாலு மூலைக்கு நாலு திருகாணித் துளைகள். அது எல்லாக் கட்டையிலும் இருக்கும். ஆனால் இதில் ஐந்தாவதாக ஒன்று இருந்தது. கொஞ்சம் கோணலாக, மரப்பசையால் அடைத்து.

மாதாவே! அது நான் போட்ட துளை.

முக்குவதற்குக் கைப்பிடி வேண்டுமல்லவா? என் மாமியாரின் பழைய இரும்புக் கட்டில் சட்டத்தை அறுத்துத்தான் கைப்பிடி செய்து வைத்திருக்கிறேன். அது நாலு துளையில் சரியாக உட்காராது; அதனால் ஐந்தாவது ஒன்றை நானே போடுவேன். வேறு எவனும் அந்த இடத்தில் துளை போடமாட்டான். மஞ்சள், கறுப்பு, ஊதா என்று என் கையால் முக்கிய கிட்டார் இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அது கின்தருடையது. காணாமல் போனது.

கின்தர் எங்கள் பக்கத்து பேண்டின் கிட்டார்க்காரன். நரைத்த பின்னல் முதுகுவரை தொங்கும். அலோய்ஸும் அவனும் ஒரே சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள். பேண்டுக்கு வேன் ஓட்டுவது அலோய்ஸ்தான். டிசம்பரில் சுரங்கத் தொழிலாளர்களின் பார்பரா திருநாள் கச்சேரிக்கு, கின்தர் வீட்டிலிருந்து பெட்டிகளையெல்லாம் ஏற்றிக்கொண்டு அவன் தனியாகத்தான் வந்தான். வழியில் ரொட்டிக் கடையில் பத்து நிமிடம் நின்றானாம். அரங்கத்தில் பெட்டியைத் திறந்தால் உள்ளே கிட்டார் இல்லை.

யாரும் வாய்விட்டு எதுவும் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு அலோய்ஸ் கை நீட்டியபோது கின்தர் கைகுலுக்கவில்லை. இரண்டு கையையும் பாக்கெட்டில் செருகிக்கொண்டான். முன்னூறு பேர் பார்த்தார்கள். அது போதாதா? மறுவாரமே சீட்டு மேசையில் அலோய்ஸுக்கு இடமில்லாமல் போயிற்று. ரொட்டிக் கடைக்காரி எனக்கு மீதிச் சில்லறையைக் கையில் கொடுக்காமல் மேசையில் வைத்தாள். அலோய்ஸ் ஒரு வார்த்தை பேசவில்லை. தப்பு செய்யாதவன் கத்தமாட்டானா? மேசையைக் குத்தமாட்டானா? இவன் பாட்டுக்குத் தானியச் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஏணி ஏறிவிடுவான்.

நான் அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஜனவரியில் அவன் நெஞ்சு டாக்டரிடம் போன அன்று மேலே ஏறிப் புறாக் கூட்டைச் சோதனை போட்டேன். வைக்கோல், தானிய மூட்டை, புறாக்கள் முட்டையிடும் கிண்ணங்கள், எல்லாவற்றையும் தூக்கிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. நிம்மதி வந்ததா? வரவில்லை. கெட்டிக்காரன், வேறெங்கோ வைத்திருக்கிறான் என்றுதான் தோன்றியது. முப்பத்தொரு வருடம் ஒரே கட்டிலில் படுத்தவன் திருடனா என்று தெரியாமல், அந்தக் குளிர்காலம் முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன்.

இப்போது கிட்டார் என் மேசை மேலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது. கின்தருக்குப் போன் போட்டேன்.

"கின்தர், உன் கிட்டார் கிடைச்சிருச்சு. எவனோ ஒருத்தன் சுரண்டி எடுத்துட்டு வந்திருக்கான்."

"விட்டுடு பிரிகிடா," என்றான்.

"விடறதாவது! போலீசைக் கூப்பிடவா?"

"வேணாம். உன்னைக் கும்பிட்டுக் கேக்கறேன். அவனுக்குப் பெயின்ட் போட்டுக் குடுத்தனுப்பு. எதையும் கிளறாதே." வைத்துவிட்டான்.

சரிதான். கின்தர் என் மேல் இரக்கப்படுகிறான். கிளறினால் என் புருஷன்தான் மாட்டுவான் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அப்படித்தான் நினைத்தேன். அன்று ராத்திரி அலோய்ஸ் "சூப்புல உப்பு இல்லையே" என்றதற்கு, "உப்பைத் தின்னவன் தண்ணி குடிச்சுத்தான் ஆகணும்" என்றேன். அவன் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் கரண்டியை எடுத்துக்கொண்டான்.

சனிக்கிழமை காலை. தொட்டித் தண்ணீரை வெதுவெதுப்பாக்கி, பெயின்ட் பரவுவதற்காக வெண்காரத்தைக் கரைத்துவிட்டிருந்தேன். நிகோதெம் வந்தான். மார்பில் துணியால் கட்டிய கைக்குழந்தை. அதன் விரல்களுக்கிடையில் வரி போட்ட புறா இறகு ஒன்று.

"அது ஏது?"

"உங்க வீட்டுக்காரர்தான் குடுத்தாரு. அன்னைக்குப் பாப்பா கார்ல தூங்கிட்டிருந்தா. அதான் என் கண்ணு அங்கேயே இருந்துச்சு. அவர்தான் வந்து பாத்துக்கிட்டாரு."

கைமாறிய பொருள் இறகு! எனக்குக் கொஞ்சம் கூசியது. அதற்காக விட்டுவிடுவேனா? அலோய்ஸையும் கூப்பிட்டேன். முக்கியபின் மிச்சப் பெயின்ட்டைச் செய்தித்தாளால் வழித்தெடுப்பது எப்போதும் அவன் வேலை. தாள்களை மடித்துக்கொண்டு தொட்டிக்கு அந்தப் பக்கம் நின்றான்.

மஞ்சளைச் சொட்டினேன், தட்டளவு விரிந்தது. அதன் நடுவில் கறுப்பு, கறுப்பின் நடுவில் ஊதா. குச்சியால் இழுத்துவிட்டேன். கைப்பிடியில் மாட்டிய கட்டையைத் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே கொண்டுவந்து நிறுத்தினேன். இதற்கு மேல் இரண்டு நிமிடம் தாமதித்தால் பெயின்ட் பாலாடை மாதிரி சுருங்கிவிடும்.

"நிகோதெம், இதை எங்கே வாங்கினீங்க?"

"ஐயோ, பெயின்ட் காயுதேம்மா…"

"காயட்டும். சொன்னாத்தான் முக்குவேன்."

அவன் அலோய்ஸைப் பார்த்தான். அலோய்ஸ் தாளைப் பார்த்தான். சொல்லித் தொலை, இவன்தான் விற்றான் என்று சொல்லித் தொலை.

"பக்கத்து ஊரு ரூதாவுல ஒருத்தர்கிட்ட. நரைச்ச பின்னல் போட்டிருப்பாரு. பார்பரா திருநாளுக்கு மூணு நாள் முன்னாடி."

"முன்னாடியா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"முன்னாடிதாம்மா. இவ பொறந்த மறுநாள், மறப்பேனா? என் பொண்டாட்டி ஆஸ்பத்திரியில; நான் கிட்டார் வாங்கப் போயிட்டேன். இன்னைக்கு வரைக்கும் அவளுக்குத் தெரியாது, பேரைச் சொல்லவே பயமா இருந்துச்சு. அந்தப் பெரியவர் டீ ஊத்தினாரு, பாதி தட்டுலதான் விழுந்துச்சு. கை அந்த ஆட்டம் ஆடுது. 'என்னால கம்பியைப் புடிக்க முடியலே தம்பி, நீயாவது வாசி'ன்னாரு. பெயின்ட்டை மட்டும் சுரண்டிடணும், இந்தப் பக்கத்து ஆளுங்க கண்ணுல படக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினாரு. சுரண்டிட்டேன். ஆனா அந்த நிறம் மனசை விட்டுப் போகலேம்மா."

பாக்கெட்டில் செருகிய கைகள்! அலோய்ஸைக் குற்றம் சொல்ல இல்லை, நடுக்கத்தை மறைக்க. கின்தர் யாரையும் திருடன் என்று சொல்லவில்லை. ஊர் சொன்னபோது வாயைத் திறக்கவும் இல்லை, படுபாவி.

"அலோய்ஸ், உனக்கு இது தெரியுமா?"

"பெட்டியைத் தூக்கி வேன்ல வச்சவன் நான். உள்ளே கிட்டார் இல்லேன்னு கைக்குத் தெரியாதா? அவன் கை ஆடறதையும்தான் பாத்துட்டிருந்தேன்."

"அப்பவே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?"

"என்னன்னு? 'கின்தருக்குக் கை ஆடுது, அதான் நாடகம் போடறான்'னு அரங்கத்துல நின்னு கூவச் சொல்றியா? முப்பது வருஷம் அந்தக் கைக்குக் கைதட்டின ஊரு. அவனா சொல்லட்டும்னு இருந்தேன்."

"ஊருக்குச் சொல்ல வேணாம். எனக்குச் சொல்லியிருக்கலாமில்ல? நான் உன் பொண்டாட்டி!"

அவன் தாளைத் தொட்டி விளிம்பில் வைத்தான். "நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் பிரிகிடா. நீ கேக்கலையே. மேலே ஏறிப் போயி என் புறாக் கூட்டுல தேடினே."

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

"முட்டைக் கிண்ணத்தையெல்லாம் இடம் மாத்தி வச்சிருந்தே. ரெண்டு ஜோடி அதுக்கப்புறம் அந்தக் கிண்ணத்துல உக்காரவே இல்லே," என்றான். கோபமாகக்கூட இல்லை.

தொட்டியில் பெயின்ட் சுருங்கித் தோல் கட்டியிருந்தது. கட்டையைத் தூக்கி ஓரமாக வைத்தேன். அலோய்ஸ் தாளை விரித்துக் கெட்டுப்போன பெயின்ட்டையெல்லாம் ஒட்டி எடுத்து மூலையில் போட்டான். "புதுசா ஊத்து. பாப்பாவுக்குப் பசி வர்றதுக்குள்ள முடிக்கலாம்," என்றான்.

ஊற்றினேன். முக்கினேன். சுழி நன்றாகத்தான் வந்தது. கின்தருடைய பழைய சுழி மாதிரி இல்லை, வேறு மாதிரி. நிகோதெம் வாய் பிளந்து பார்த்துவிட்டு இந்தத் தடவை காபியும் குடித்தான்.

அவன் போனபின் தொட்டியைக் கழுவிக்கொண்டே கேட்டேன். "அலோய்ஸ், என்னை மன்னிச்சிட்டியா?"

"புறாக்கிட்ட கேளு," என்றான்.

மூன்று வாரம் ஆகிறது. தினமும் காலையில் தானியச் சட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் ஏணி ஏறுகிறேன். மற்றதெல்லாம் பக்கத்தில் வந்து கொத்துகின்றன. அந்த இரண்டு ஜோடி மட்டும் என்னைப் பார்த்ததும் தள்ளிப்போய் உட்கார்ந்துகொள்கின்றன.