சிவப்பு நூல் கட்டிய கோழிகள்

பொழுது விடிவதற்குள் முந்நூறு கினிக்கோழிகளின் கொட்டடியைக் கூட்டியாக வேண்டும். எச்சத்தின் காரம் கண்ணில் ஏறும். குனிந்த இடுப்பு நிமிர மறுக்கும். விராலிமலைக்குத் தெற்கே, ரோட்டோரப் பண்ணையில் அழகியும் பொன்னுத்தாயும் கூட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது விளக்குமாறு சும்மா கிடந்தது. அழகியின் தங்கை செவந்தி நாலு நாளாகப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

முதலாளியின் விருந்தாளிகள் திருச்சியிலிருந்து துப்பாக்கியோடு வருவார்கள். வளர்த்த கோழியைக் காட்டில் பறக்கவிட்டுச் சுட்டு வீரம் காட்டுவார்கள். மீதி ஓட்டலுக்குப் போகும். அந்த மாசியில் கோழிகளுக்கு ரத்தக்கழிச்சல் கண்டது. மாட்டு டாக்டர் தண்ணீரில் கலக்கச் சல்பா மருந்து கொடுத்தார். மருந்தை நிறுத்திப் பத்து நாள் கழிந்துதான் அறுக்க வேண்டும், அதுவரை கறியில் மருந்து தங்கியிருக்கும் என்று முதலாளியிடமே சொன்னார். எழுதத் தெரியாத பெண்கள் அதற்கு ஒரு வழி கண்டார்கள். மருந்து குடித்த கோழிக்குக் காலில் சிவப்பு நூல். பத்து நாள் போனால்தான் அவிழ்ப்பது.

செவந்திக்குச் சல்பா ஆகாது. பிள்ளை பெற்ற காய்ச்சலில் அந்த மாத்திரையைத் தின்று உடம்பெல்லாம் கொப்பளித்துச் செத்துப் பிழைத்தவள். மாசி மகத்துக்கு ஆளுக்கொரு கோழி என்று முதலாளி தாராளம் காட்டியபோது, நூல் இல்லாத காலாகப் பார்த்துத்தான் எடுத்தாள். ஓட்டல்காரர் நூலைப் பார்த்துக் கேள்வி கேட்கிறார் என்று, அதற்கு முதல் நாளே பாதி நூல்களை முதலாளி வெட்டவைத்திருந்தது அவளுக்குத் தெரியாது. இப்போது வாய் வெந்து, தோல் உரிந்து கிடக்கிறாள். கைப்பிள்ளை பாலுக்கு அழுகிறது.

அழகி கூட்ட வருமுன்பே நூல் கட்டிய கோழி ஒன்றை அறுத்துக் குழம்பு வைத்திருந்தாள்.

"மொதலாளி காலைப் பலகாரத்துல கலந்துருவேன். அவனும் வெந்து சாகட்டும்."

"அவனுக்கு அது ஒத்துக்கிட்டா?" என்றாள் பொன்னுத்தாய். "தின்னுட்டு ஏப்பம் விட்டுட்டுப் போவான். ஒளிச்சு வைக்காத. நாலு பேரு பாக்க வையி."

ஓட்டலுக்குக் கோழி ஏற்றும் லாரி வந்து நின்றது. முதலாளி வெளியே வந்தார்.

"மிச்ச நூலையும் வெட்டிட்டுக் கூடையில ஏத்துங்க."

அழகி குழம்பைத் தட்டில் ஊற்றி அவர் முன்னால் வைத்தாள்.

"இது நூல் கட்டுன கோழிங்க. மருந்தை நிறுத்தி ஆறு நாள்தான் ஆவுது. தின்னுங்க. தின்னா நானே எல்லா நூலையும் வெட்டுறேன்."

முதலாளி தட்டைப் பார்த்தார். "இன்னைக்கு எனக்குக் கிருத்திகை."

"கிருத்திகை மகத்துக்கு முந்தியே போயிருச்சுங்க" என்றாள் பொன்னுத்தாய்.

பக்கத்தில் கிணறு வெட்டிக்கொண்டிருந்த ஆட்கள் சிரித்தார்கள். அந்தப் பண்ணையில் முதலாளியைப் பார்த்து அதுவரை யாரும் சிரித்ததில்லை.

லாரி டிரைவர் பக்கீர் முகமது கீழே இறங்கினார். "நீங்க தின்னாததை நான் ஏத்த மாட்டேங்க. அங்கிட்டுத் தின்னுறவுகளும் பிள்ளகுட்டிக்காரவுகதான்."

"இன்னையோட எல்லாருக்கும் வேலை கெடையாது. பண்ணைக் குடிசையையும் காலி பண்ணுங்க" என்றார் முதலாளி.

"செவந்தி வைத்தியத்துக்கு வழி சொல்லுங்க. இனி நூல்ல கை வைக்க மாட்டேன்னும் சொல்லுங்க. அதுவரைக்கும் ஒரு கோழி வெளியே போகாது" என்றாள் அழகி. மண்வெட்டிகளைப் போட்டுவிட்டுக் கிணற்று ஆட்கள் அவள் பின்னால் வந்து நின்றார்கள்.

செவந்தி பிழைப்பாளா என்று அன்று சாயங்காலமும் யாருக்கும் தெரியவில்லை. குடிசை மிஞ்சுமா என்பதும் தெரியவில்லை.

மறுநாள் காலை வேட்டைக்காரர்களின் கார் வாசலில் ஹாரன் அடித்தது. பண்ணை ஆட்கள் பதினாலு பேர் வழியை மறித்து நின்றார்கள். அழகி கண்ணாடி ஓரம் குனிந்தாள்.

"எறங்குங்க சாமி. என் தங்கச்சி கதையைக் கேட்டுட்டுப் போகலாம்."