பென்சிலில் இருப்பவர்கள்

பேனாவின் முனை அடைத்துக்கொண்டிருந்தது. மகள் அதைச் சமையலறைக் குழாயடியில் பிடித்து, சுடுதண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஊற்றினாள். கூடத்தில் அப்பா கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தார். வேன் நான்கு மணிக்கு வரும். அதற்குள் மை இறங்கியாக வேண்டும்.

"என்னம்மா, ஆச்சா?" சித்தப்பா வாசலில் வந்து நின்றார். இது மூன்றாவது முறை.

"மை காஞ்சு போயிருக்கு சித்தப்பா. நாலு மாசமா யாரும் தொடல."

"தொட வேண்டி வரல, நல்லதுதானே" என்றவர், சொன்னது என்ன என்று தனக்கே உறைத்து, கூடத்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

அந்தப் பேனாவின் கதையைச் சொல்லாமல் இந்த வீட்டுச் சாவைச் சொல்ல முடியாது. அப்பா நில அளவை அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் வரைபடம் போட்டவர். அங்கே ஒரு சட்டம். எந்தக் கோடும் முதலில் பென்சிலில்தான். ஆள் போய் நிலத்தில் சங்கிலி பிடித்துச் சரிபார்த்து வந்த பிறகுதான் மை. மை போட்ட கோடு யார் அப்பன் வந்து சொன்னாலும் நகராது. அதே சட்டத்தை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்தார். கட்டில் அகலத்துக்கு ஒரு தடித்த தாள், அதில் மொத்த வம்சமும். உச்சியில் கப்பலேறி வந்து இறங்கிய கப்பல் தாத்தா. அவருக்கு ஆறு பிள்ளைகள். அதிலிருந்து பிரிந்து பிரிந்து, நாலு தலைமுறையில் முந்நூற்றுப் பதினாலு கட்டங்கள். உயிரோடு இருப்பவர்களுக்குப் பென்சில். அவர்கள் நாளைக்குக் கல்யாணம் செய்யலாம், பிள்ளை பெறலாம், இருக்கும் இடத்தை மாற்றலாம். செத்தவர்களுக்கு மை.

இதற்காக மனிதர் அலையாத இடமில்லை. கல்யாண வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவனைக்கூட விடமாட்டார், "உங்க அம்மாவுக்கு எத்தனாவது பிரசவத்துல நீ பொறந்தே?" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் பழகிவிட்டது. போனில் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால், "இன்னும் பென்சில்தான்" என்பார்கள். யாராவது போய்விட்டால் அப்பா அந்தத் தாளைத் தகரக் குழாயில் சுருட்டிக்கொண்டு சாவு வீட்டுக்குப் போவார். எல்லோரும் பார்க்க, அந்தக் கட்டத்துக்கு மை போடுவார். மை காய்ந்த பிறகுதான் உடலை எடுப்பார்கள். வேறு எந்தக் குடும்பத்திலும் இப்படி ஒரு கூத்து கிடையாது. ஆனால் இந்தக் குடும்பத்தில் அதைச் செய்யாமல் ஒருவரையும் அனுப்பியதில்லை.

அப்பாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்தபோது மகளுக்குப் பதினாறு வயது. அன்றிலிருந்து எழுத்தெல்லாம் அவளுடையதுதான். இப்போது அவள் பொய்ப்பல் செய்யும் கூடத்தில் வேலை பார்க்கிறாள். நடுங்காத கை. மெழுகில் ஒரு கடைவாய்ப் பல்லைச் செதுக்கினால், அதைக் கட்டிக்கொண்டவரின் மனைவிக்கே வித்தியாசம் தெரியாது. இன்றைக்கு அந்தக் கைதான் வேலை செய்ய மறுத்தது. அப்பா போன துக்கம் ஒரு பக்கம் இருக்கட்டும். அவள் பயந்தது வேறொன்றுக்கு. முந்தாநாள் அவள் ஒரு போன் செய்திருந்தாள்.

இரண்டு மணிக்கு அந்தப் போனின் பலன் வாசலில் வந்து நின்றது.

நரைத்த தலை, சாம்பல் நிறச் சேலை, தோளில் ஒரு துணிப்பை. செருப்பை ஓரமாக, ஜோடி சேர்த்து வைத்துவிட்டு அந்த அம்மாள் உள்ளே வந்தார். நாற்காலிகளில் இருந்த நாற்பது பேரும் பார்த்தார்கள். ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை.

"யாரும்மா நீங்க?" ஒரு பெரியம்மா கேட்டாள்.

"நர்ஸு" என்றார் அந்த அம்மாள்.

"ஓ, ஆஸ்பத்திரில கடைசியாப் பாத்துக்கிட்டவங்களா? வாங்க, உக்காருங்க. இவ்வளவு தூரம் வந்தீங்களே, பெரிய மனசு."

அந்த அம்மாள் இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. கண்ணாடிப் பெட்டியருகே போய் நின்றார். அப்பாவின் முகத்துக்கு நேராக, கண்ணாடியில் படிந்திருந்த ஈரத்தை முந்தானையால் துடைத்தார். துடைக்கத் துடைக்க மறுபடி படிந்தது. அவரும் விடாமல் துடைத்துக்கொண்டே இருந்தார்.

கூடத்தின் மறுகோடியில் சித்தப்பா எழுந்து நின்றுவிட்டார். அவருக்கு மட்டும் தெரிந்துவிட்டது. நேரே சமையலறைக்கு வந்தார்.

"யாரு சொன்னது அவளுக்கு?"

மகள் பேனாவை உதறினாள். "நான்தான்."

"உனக்கு என்ன பைத்தியமா? இங்க இருக்கற அத்தனை பேருக்கும் அவ செத்து இருபத்தி நாலு வருஷம் ஆச்சு!"

"தெரியும் சித்தப்பா. எழுதினது நான்தானே."

அந்தக் கணக்கு இதுதான். கப்பல் தாத்தா வந்தபோது அந்த நிலம் வெறும் காடு, ஒரு குருவியின் கூடுகூட அங்கே இல்லை, அவர்தான் வெட்டித் திருத்திக் குடியேறினார் என்பது குடும்பத்தின் பேச்சு. உச்சிக் கட்டத்தில் அப்பா அப்படித்தான் எழுதியும் இருந்தார். பிறகு ஒரு நாள், அங்கே முன்பு இருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் என்று சிலர் வழக்குப் போட்டார்கள். குடும்பமே ஒன்றாகக் கோர்ட்டுக்குப் போய், "காடாத்தான் கிடந்தது" என்றது. அப்பாவின் தங்கை மட்டும், பிரசவ நர்ஸாக இருந்த அத்தை மட்டும், கூண்டில் ஏறி, "எங்க வீட்டுக் கிணறு எங்க தாத்தா வெட்டினது இல்ல. அவர் வந்து இறங்கின அன்னைக்கே அதோட கல்லுல கயிறு தேஞ்ச தடம் இருந்துச்சுன்னு எங்கப்பா எங்கிட்ட சொல்லியிருக்காரு" என்றாள். அவ்வளவுதான். நிலம் போயிற்று, வீடு போயிற்று. ஆளுக்கொரு வாடகை வீட்டில் சிதறினார்கள்.

அப்பா கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. ஆறு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் அலுவலகத்திலிருந்து வந்தார், தாளை விரித்தார், தங்கையின் கட்டத்தில் விரலை வைத்தார். "மை போடு. இந்த வருஷத்தைப் போடு."

"அத்தை செத்துட்டாங்களாப்பா?"

"போடுன்னேன்ல."

மகளுக்கு அப்போது பதினேழு. பரீட்சை எப்படி எழுதினாய் என்று கேட்டு அத்தையிடமிருந்து முந்தைய வாரம்தான் கடிதம் வந்திருந்தது. அது அவள் புத்தகப் பையிலேயே இருந்தது. அவள் போட்டாள். முத்து முத்தாகப் போட்டாள். தூரத்தில் எங்கேயோ காய்ச்சலில் போய்விட்டாள், அங்கேயே எரித்துவிட்டார்கள் என்று, சித்தப்பாவைத் தவிர மற்ற சொந்தக்காரர்களுக்கெல்லாம் அப்பா எழுதினார். வரைபடத்தில் மை இருந்தது; யார் சந்தேகப்படப் போகிறார்கள்? அத்தையைப் பெற்றவள் தன் பெண்ணுக்காக அழுது அழுது இரண்டு வருடத்தில் அவளும் மைக்குப் போனாள். அத்தையின் கடிதங்கள் இன்னும் மூன்று வந்தன. மகள் ஒன்றுக்கும் பதில் போடவில்லை. என்னவென்று போடுவாள்?

முந்தாநாள் அப்பா மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தபோது, பத்திரமாக வைத்திருந்த ஒரு கடிதத்தின் தலைப்பில் இருந்த ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, இவரிடம் அவரிடம் கேட்டு, அத்தையைப் பிடித்துவிட்டாள். மறுமுனையில் அத்தை ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "அண்ணன் என்னைக் கேட்டாரா?"

"கேட்டாரு" என்றுவிட்டாள் மகள். பச்சைப் பொய்.

மூன்று மணிக்கு மேசையில் தாளை விரித்தார்கள். எல்லோரும் சுற்றி நின்றார்கள். அத்தையும் வந்து நின்றாள். "நர்ஸம்மாவுக்கு வழி விடுங்க, அவங்களும் பாக்கட்டும்" என்று யாரோ சொன்னார்கள். அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். கப்பல் தாத்தாவிடம் ஆரம்பித்து, விரலைத் தாளில் படாமல் நகர்த்திக்கொண்டு, கீழே கீழே வந்து, அண்ணனின் கட்டத்தைத் தாண்டி, தன் கட்டத்தில் நிறுத்தினாள். படித்தாள்.

"கையெழுத்து ரொம்ப அழகா இருக்கு" என்றாள் அத்தை மெல்ல. "யாருது?"

"என்னுது."

அத்தை தலையாட்டினாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "பொறந்தப்பவே உனக்கு நீளமான விரலுங்க. நான்தான் கையில வாங்கினேன்" என்று அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். அப்புறம், "உண்மையாவே அண்ணன் என்னைக் கேட்டாரா?"

மகளுக்கு இன்னொரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினாள். "இல்லத்த. கடைசிவரைக்கும் கேக்கல."

அத்தை மேசையின் விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள்.

"என்னம்மா குசுகுசுன்னு? போடும்மா, நேரமாகுது" என்றார் சித்தப்பா. குரல் தேவைக்கு மேல் உரத்திருந்தது.

மகள் பேனாவைத் திறந்தாள். மை சரளமாக இறங்கியது. அப்பாவின் பென்சில் எழுத்தின் மேல் முனையைக் கொண்டுபோனாள். ஒரு விரல் அகலம் தள்ளி, அவள் பதினேழு வயதில் எழுதிய எழுத்து அவளையே பார்த்தது. பேனாவைக் கீழே வைத்தாள். அப்பாவின் வரைகருவிப் பெட்டியைத் திறந்து, அதிலிருந்த சவரக் கத்தியை எடுத்தாள்.

"அது எதுக்கு?"

"தப்பாப் போட்ட கோட்டைச் சுரண்டறதுக்கு."

"தப்பா? எதும்மா தப்பு?" என்று பெரியம்மா எட்டிப் பார்த்தாள்.

"பெரியம்மா, இவங்க ஆஸ்பத்திரிலேர்ந்து வந்தவங்க இல்ல. இவங்கதான் என் அத்தை. சாகல. சாகாதவங்களுக்கு நான்தான் மை போட்டேன். தெரிஞ்சேதான் போட்டேன்."

நாற்பது பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பெரியம்மா வாயில் கை வைத்துக்கொண்டு நாற்காலியைத் தேடினாள்.

"நிறுத்து!" சித்தப்பா மேசையில் அறைந்தார். "உங்கப்பா பொணம் இன்னும் வாசலைத் தாண்டல, அதுக்குள்ள அவரைப் பொய்யனாக்கறியா? இவளாலதான் நாம தெருவுக்கு வந்தோம். சோறு போட்ட நிலத்தைத் தூக்கி எவனோ ஒருத்தனுக்குக் குடுத்தா!"

"நான் குடுக்கல. இருந்ததைச் சொன்னேன்" என்றாள் அத்தை. "நீயும்தான் பாத்திருக்கே. சின்ன வயசுல அந்தக் கல்லுத் தடத்துல விரலை விட்டு விட்டு விளையாடுவியே. உன் விரல் முழுசா உள்ள போகும். நம்ம தாத்தா வந்தப்புறம் தேஞ்ச தடமாடா அது?"

"அக்கா..." என்றார் சித்தப்பா. இருபத்து நாலு வருடம் வாயில் வராத சொல். வலது கையை மடக்கிக் கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மகள் சுரண்ட ஆரம்பித்தாள். அப்பா சொல்லிக்கொடுத்தபடி, கத்தியைப் படுக்கவைத்து, ஒரே திசையில். மை அவ்வளவு லேசில் வரவில்லை. தூள் தூளாக வந்தது. வருடத்தின் கடைசி எண், அதற்கு முந்தையது, பிறகு பேர். அவள் அழுதாள். தாளில் விழக்கூடாதே என்று தலையை மட்டும் திருப்பி வைத்துக்கொண்டு அழுதாள். கை நிற்கவில்லை.

வாசலில் வேன் வந்து ஹாரன் அடித்தது.

"அவருக்கு மை போடாம எப்படி எடுக்கறது?" என்று பெரியம்மா கேட்டாள். மகள் நிமிரவில்லை. வேன்காரர் மறுபடி அடித்தார். எரிமேடையில் அவர்களுக்கு ஒதுக்கியது நாலரை மணி, தவறினால் நாளைக்குத்தான். சித்தப்பா தலையை அசைத்தார். நாலு பேர் வந்து தூக்கினார்கள். அந்தக் குடும்பத்தில் முதல்முறையாக ஒருவர் பென்சிலோடு வாசலைத் தாண்டினார்.

"போதும்மா. கிழிஞ்சிடும்" என்றாள் அத்தை.

மகள் கத்தியை வைத்தாள். அத்தை அவள் கையைப் பிடித்துக்கொள்ள, இருவரும் வேனில் ஏறினார்கள். ஏறாதே என்று சொல்ல யாருக்கும் தெம்பில்லை. வேனில் அவர்களுக்கு எதிரே உட்கார்ந்த சித்தப்பா வழி முழுக்கக் கையைப் பையிலேயே வைத்திருந்தார்.

திரும்பி வந்தபோது வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கூடத்தில் பெட்டி இருந்த இடத்தில் ஒரு செவ்வக ஈரம். மகள் மேசைக்குப் போய், மைத்தூளை ஊதிவிட்டு, தாளைத் தூக்கி ஜன்னலுக்கு எதிரே பிடித்தாள். முந்நூற்றுப் பதினாலு கட்டங்களில் ஒன்றில் மட்டும் வெளிச்சம் ஊடுருவி வந்தது. தாள் அங்கே அவ்வளவு மெலிந்துவிட்டிருந்தது. அதைத் திரும்ப விரித்து, அழுத்தாமல், பென்சிலால் அத்தையின் பேரை எழுதினாள்.

அத்தை பக்கத்துக் கட்டத்தைக் காட்டினாள். "அண்ணனுக்கு?"

பேனா மூடாமலேயே கிடந்தது. முனையில் மை மறுபடி காய்ந்து கெட்டித்துவிட்டிருந்தது. மகள் ஒரு டம்ளரில் சுடுதண்ணீர் பிடித்து வந்து, பேனாவைத் தலைகீழாக அதில் நிறுத்தினாள். இரண்டு பேரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். முனையிலிருந்து மை நூலாகப் பிரிந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கறுத்தது.