தவிடு போடாத தண்ணீர்

நெடுந்தூரக் குதிரையோட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்களைக் கைதூக்கிவிடுவதில் டீச்சரை மிஞ்ச ஆள் கிடையாது. சேணம் எங்கே உரசும், எந்த மேட்டில் இறங்கி நடக்க வேண்டும் என்று அலுக்காமல் சொல்லித் தருவாள். "முதல்ல வர்றது பெருசில்ல. குதிரை நல்லபடியா வந்து சேரணும், அதான் ஜெயம்" என்பது அவளுடைய முதல் பாடம்.

அப்படிப்பட்டவளுக்குத் தம்பி பெண்டாட்டியைக் கண்டால் மட்டும் ஆகாது. காரணம் மகராசி. குட்டியிலிருந்து டீச்சர் கையால் வளர்ந்த செம்பழுப்புக் குதிரை. அப்பா போன பிறகு லாயம் தம்பி பேருக்கு வந்தது. கல்யாணமான சூட்டோடு மகராசியைப் பெண்டாட்டிக்குக் கொடுத்துவிட்டான். "உனக்குத்தான் அத்தனை குதிரை இருக்கேக்கா" என்றான், பழைய குடையைத் தூக்கிக் கொடுக்கிறவன் போல.

அந்தப் பெண் வெள்ளந்தி. "அண்ணி, அண்ணி" என்று ஒட்டிக்கொண்டே பழகினாள். அவளுடைய முதல் ஓட்டத்தில் துணைக்குப் போக டீச்சர் தானாகவே முன்வந்தபோது கண் கலங்கிவிட்டாள்.

முதல் நிறுத்தத்தில் மகராசி வாளியை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. பழகாத தண்ணீரை அது குடிக்காது. ஒரு பிடி தவிடு தூவினால் உறிஞ்சித் தள்ளும். டீச்சருக்கு மட்டும் தெரிந்த விஷயம். தவிடு அவளுடைய சேணப்பையிலேயே இருந்தது.

"அண்ணி, வாய் வைக்க மாட்டேங்குது."

"புதுசா ஓடுற குதிரைங்க இப்படித்தான். ஓடினா தாகம் தானா வரும். நீ பதறினா அதுவும் பதறும்."

குதிரை டாக்டர் கழுத்துத் தோலை இழுத்துப் பார்த்து, "தண்ணி காட்டிக்கிட்டே போங்க" என்று அரைமனதாக விட்டார். அடுத்த நிறுத்தத்தில் டாக்டர் சோதனையில் இவள் தேறக் கூடாது. நாலு பேர் எதிரில் தம்பி தலைகுனிய வேண்டும். மகராசி தன்னிடமே திரும்ப வேண்டும். டீச்சர் போட்ட கணக்கு அவ்வளவுதான்.

கற்பாதையில் வெயில் ஏறியது. மகராசியின் நடை கனத்தது.

"வேர்வை நின்னுடுச்சு அண்ணி. நல்லதுதானே?"

டீச்சர் குதிரையின் காய்ந்த தோளைப் பார்த்தாள். அதன் அர்த்தம் அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் அங்கே யாருமில்லை.

"நல்லதுதான். போ."

இரண்டாம் நிறுத்தத்துக்கு வந்ததும் மகராசி சேணத்தோடு படுத்துவிட்டது. வயிற்றை உதைத்துக்கொண்டு புரண்டது. டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வயிற்றில் வைத்துக் கேட்டார்; உள்ளே ஒரு சத்தமும் இல்லை. மருந்துநீர் ஏற்றினார்கள். டீச்சர் ஓடிப்போய் வாளியில் பையிலிருந்த தவிடு முழுவதையும் கொட்டிக் கலக்கி அதன் மூக்கருகில் நீட்டினாள். மகராசி வாளியைப் பார்க்கவில்லை. அவளுடைய சட்டைக்கையை ஒருமுறை முகர்ந்தது. குடல் முறுக்கிக்கொண்டுவிட்டது, இனி வலியை நீட்டுவது பாவம் என்று டாக்டர் ஊசியை எடுத்தார்.

தம்பி வந்து சேர்ந்தபோது அதன் மேல் தார்ப்பாய் போர்த்தியிருந்தது.

"என்னக்கா ஆச்சு?"

டீச்சருக்கு உண்மை நாக்கு நுனிவரை வந்தது. பிறகு தம்பியின் தோளில் சாய்ந்து விம்மும் அந்தப் பெண்ணைப் பார்த்தாள். அவன் கை அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தது.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேன், தண்ணி காட்டு, பார்த்துப் போன்னு."

அந்தப் பெண் நிமிர்ந்தாள். வாய் திறந்தது. எதையோ தேடுகிறவள் போல யோசித்தாள். அண்ணி பொய் சொல்வாள் என்கிற நினைப்பு மட்டும் அவளுக்கு அகப்படவே இல்லை.

"ஆமாங்க. அண்ணி சொன்னாங்க. நான்தான் சரியா கேக்கல."

தம்பியின் கை நின்றுவிட்டது. அதன் பிறகு அவன் அவளிடம் முகம்கொடுத்துப் பேசவில்லை.

புதிய வகுப்பு தொடங்கியபோது டீச்சர் அவளைக் கூப்பிட்டு அனுப்பினாள். "உன் வாயால கேட்டாத்தான் இவங்க மனசுல பதியும்" என்றாள். அவள் புதியவர்கள் முன்னால் நின்று நடந்ததைத் தட்டுத்தடுமாறிச் சொன்னாள்.

முன்வரிசையில் இருந்த ஒருவர் கேட்டார். "வேர்வை நின்னப்பவே உங்களுக்குத் தெரியலையா?"

அவள் டீச்சரைத் திரும்பிப் பார்த்தாள். டீச்சர் ஒரு கடிவாளத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"தெரியல" என்றாள் மெதுவாக.

"சத்தமா சொல்லும்மா" என்றாள் டீச்சர், தலை நிமிராமல். "பின்னாடி இருக்கிறவங்களுக்குக் கேக்கல."