காலுக்குக் கீழே ஓடுவது

1

வானத்தைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். குரோம்பேட்டையில் எங்கள் தெருவின் தலைக்கு மேலே சிக்கும் சிடுக்குமாகத் தொங்கிய மின்கம்பிகளை அறுத்துச் சுருட்டி லாரியில் ஏற்றிப்போன மத்தியானம், எல்லோரும் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தோம். பள்ளிக்கரணைப் பக்கமிருந்து வந்த கூழைக்கடாக்கள் ஒரு கம்பிகூடக் குறுக்கிடாமல், முழுசாக, சாவகாசமாகக் கடந்து போயின. இத்தனை வருடமாக இது இங்கேதான்

(இந்த வாக்கியம் முடியவில்லை. எதிர்வீட்டு ரோஸி அக்கா என் பக்கம் திரும்பி, "அல்லாரும் மேலயே பாக்குறீங்க. எங்க வூட்டுக்காரரு உள்ள உக்காந்து தரையப் பாத்துகினு கீறாரு" என்றார். வானத்துக் கதை அதோடு போயிற்று.)

2

இது ரோஸியின் கதை.

அவள் கணவர் பிரிட்டோ அலுமினிய ஜன்னல் செய்கிறவர். சில வருடங்களுக்கு முன்பு சொந்த வீட்டு பால்கனிக்கே ஒரு ஜன்னல் போட ஆசைப்பட்டு, நீளமான சட்டமொன்றை மாடிக்கு ஏற்றித் திருப்பினார். முனை வெளியே கம்பியில் பட்டது. மின்சாரம் வலது கையில் நுழைந்து இடது உள்ளங்காலைப் பொத்துக்கொண்டு வெளியேறியது. வலது கையில் இரண்டு விரல்கள் போயின. உயிர் எப்படித் தங்கியது என்று மருத்துவர்களே கேட்டார்கள்.

(முதல் வரைவில் பிரிட்டோவைக் குடிகாரர் ஆக்கியிருந்தேன். கஷ்டப்படுகிற ஆம்பிளை என்றாலே என் பேனா சாராயக் கடைக்கு வழி தேடுகிறது. பிரிட்டோ டீகூடக் குடிக்காதவர். அடித்துவிட்டேன்.)

கம்பிகளெல்லாம் மண்ணுக்குள் போகப்போகின்றன என்று கேள்விப்பட்டதும் தெருவிலேயே அதிகம் மகிழ்ந்தவள் ரோஸிதான். இனி அவர் பால்கனிக் கதவைத் திறப்பார், ராத்திரி திடுக்கிட்டு விழிக்கமாட்டார் என்று நம்பினாள்.

3

கேபிள் வந்த அன்று வேலையைப் போட்டுவிட்டு இறங்கி ஓடினாள். ஆள் உயரத்துக்கும் மேலே ஒரு மர உருளை. அது மெல்லச் சுழல, பள்ளத்துக்குள் வரிசையாக நின்றவர்கள் ஒரே மூச்சில் இழுக்க, அவள் முன்கை அளவு தடித்த கறுப்புக் கேபிள் தெருவின் அடிவயிற்றுக்குள் நகர்ந்து போனது. ரோஸி வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். இத்தனை வீட்டு விளக்கும் விசிறியும் இதற்குள்ளா போகப்போகின்றன?

மேற்பார்வைக்கு வந்திருந்த பொறியாளர் வினிதா, வெட்டிய துண்டு ஒன்றைக் காட்டினாள். நடுவில் பளபளவென்று அலுமினியம். சுற்றிலும் உறைக்கு மேல் உறை, இரும்புக் கவசம், அதற்கு மேலும் தடித்த தோல்.

"எத்தனை சட்டை போட்டிருக்கு பாருங்கக்கா. கீழயும் மேலயும் மணல், அதுக்கு மேல செங்கல், அப்புறம்தான் மண்ணு. பயமே வேணாம்."

"எனக்கு இன்னா பயம்? மேல வந்து அவருக்கு ஒரு வார்த்தை சொல்றியாம்மா?"

வினிதா வந்தாள், பொறுமையாக விளக்கினாள். பிரிட்டோ மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

"நீங்க சொல்றது புரியுது மேடம். மேல இருந்தவரைக்கும் அது எங்க கீதுன்னு கண்ணுக்குத் தெரியும். ஒதுங்கிப் போய்கினு இருந்தேன். இப்போ காலுக்குக் கீழ கீது. எங்க ஒதுங்குவேன்?"

அதற்குப் பதில் தெரிந்திருந்தால் நான் கட்டுரை எழுதியிருப்பேன்.

4

மின்சாரம் புதிய வழியில் ஓடத் தொடங்கியதிலிருந்து பிரிட்டோ கேட்டைத் தாண்டவில்லை. வெளியே மூடிய பள்ளம் வாசலை ஒட்டி ஓடியது. அதை மிதிக்காமல் தெருவுக்குப் போக முடியாது. கடைக்குப் போவது நின்றது. ஞாயிறு பூசைக்கு ரோஸி தனியாகப் போனாள். கேட்டவர்களிடம் ஜுரம் என்றாள்.

முடிவு (அ): இருவரும் காட்டாங்குளத்தூர்ப் பக்கம் வீடு மாறுகிறார்கள். இதை ரோஸி அக்காவிடமே சொல்லிப் பார்த்தேன். "அங்க மட்டும் தோண்டமாட்டாங்களா?" என்றார்.

முடிவு (ஆ): ஒரு காலையில் பயம் தானாகவே விலகிவிட, பிரிட்டோ

(வேண்டாம். பயம் அப்படித் தானாக விலகி நான் பார்த்ததில்லை.)

5

இனி வருவது என் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தது.

சாயங்காலம். மழை தூற ஆரம்பித்தது. ரோஸி கேட்டைத் திறந்தாள், செருப்பைக் கழற்றினாள், மூடிய பள்ளத்தின் ஈரமண்ணில் வெறுங்காலோடு போய் நின்றாள். அவளுக்கும் பயம்தான். புடவைத் தலைப்பை இரண்டு கையாலும் இறுக்கியிருந்தாள்.

"ரோஸி! இன்னா பண்ற? உள்ள வா!" பிரிட்டோ வாசற்படியிலிருந்து கத்தினார்.

"வரமாட்டேன்."

"மழை பெய்யுது, வாடி!"

"நீங்க வந்து இட்டுகினு போங்க."

மழை வலுத்தது. அவள் நகரவில்லை. பிரிட்டோ கேட்டைப் பிடித்தார், உடனே இரும்பென்று கையை இழுத்துக்கொண்டார். பிறகு அழுதபடியே இடது காலைத்தான் முதலில் வைத்தார், அந்தத் தழும்புக் காலை.

ஒன்றும் ஆகவில்லை. மறுகாலையும் வைத்தார். அவளை இழுத்துப் போகத்தான் வந்தவர், இழுக்கவில்லை. மெல்லக் குந்தி, மூன்று விரல் மிஞ்சிய கையை மண்மேல் விரித்து வைத்தார். அந்தக் கைக்கு அடியில் தெருவே ஓடிக்கொண்டிருந்தது: யாரோ வீட்டு மாவரைக்கும் கிரைண்டர், யாரோ மூச்சுவிட உதவும் இயந்திரம், நான் இதை எழுதும் விளக்கு. ஒரு துடிப்பில்லை, ஒரு சூடில்லை. வெறும் ஈரமண். கோயிலுக்குள் தொடுகிற மாதிரி வெகுநேரம் தொட்டுக்கொண்டிருந்தார். ரோஸியும் பக்கத்தில் குந்தி, தன் கையை அந்தக் கைமேல் வைத்தாள்.

அப்போது அவர் நிமிர்ந்து ஏதோ சொன்னார். ரோஸி சிரித்தாள். பிறகு முகத்தை மூடிக்கொண்டாள்.

மழை இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை. மறுநாள் ரோஸி அக்காவிடம் கேட்டேன். "அதெல்லாம் உனக்கு எதுக்கு?" என்றார். நானாகவே சில வரிகள் எழுதிப் பார்த்தேன். எல்லாமே என் குரலில் இருந்தன, ஒன்றும் பிரிட்டோவின் குரலில் இல்லை. நீங்கள் என்னைவிட அருகில் நிற்கிறீர்கள். உங்களுக்குக் கேட்டிருந்தால் மீதியை எழுதிக்கொள்ளுங்கள்.

பிரிட்டோ சொன்னார்: "ரோஸி,