அலைக்குளத்து சைரன்

நர்மதா அந்தப் பொய்யைச் சொல்லி நூற்றுப் பத்தொன்பது நாட்களாகியிருந்தன. அது முழுப் பொய்யும் இல்லை என்று தினமும் பஸ்ஸில் தனக்குத் தானே சொல்லிக்கொள்வாள். செங்குன்றம் தாண்டி ஒரு கம்பெனியில், லேபில், தண்ணீர் டெஸ்ட் செய்கிற வேலை என்று வீட்டில் சொல்லியிருந்தாள். செங்குன்றம் உண்மை. தண்ணீர் உண்மை. டெஸ்ட்டும் உண்மை. லேப் என்பது மோட்டார் ரூமுக்குள் கிடந்த ஒரு மேஜை. கம்பெனி என்பது, வேன் இப்போது மழையில் வந்து நின்றிருக்கும் இந்தத் தீம் பார்க்.

மற்ற ஊர்க்காரர்கள் வெயிலைப் பார்த்துச் சுற்றுலா கிளம்புவார்கள். எண்ணூரில் நர்மதாவின் குப்பத்துக்காரர்கள் புயல் கூண்டைப் பார்த்துக் கிளம்புவார்கள். துறைமுகத்தில் ஒன்றாம் எண் கூண்டு ஏற்றிவிட்டால் படகு போகாது. படகு போகாத நாள்தான் லீவு. வானம் பளிச்சென்று இருக்கும் நாளில் ஊர் சுற்றப் போகிறவனை அங்கே யாரும் மதிக்கமாட்டார்கள். நேற்று சாயங்காலம் கூண்டு ஏறியது. அப்பா ராமதாஸும் அவருடைய படகுக் கூட்டாளி மணி மாமாவும் இருட்டுவதற்குள் வேன் பேசி, தெருவில் நாலு வீட்டுக்குச் சொல்லிவிட்டார்கள். எங்கே போகிறோம் என்று நர்மதா கேட்கவேயில்லை. செவ்வாய்க்கிழமை அவளுக்கு வார லீவு, போகிற இடத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்து தூங்கலாம் என்றுதான் நினைத்திருந்தாள். செங்குன்றத்தைத் தாண்டியும் வேன் நேராகவே போனபோதுதான் அவள் தூக்கம் கலைந்து நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

டிக்கெட் கவுன்டரில் இருந்தவன் ஒரு தடவை மழையைப் பார்த்தான். ஒரு தடவை இந்த இருபது பேரையும் பார்த்தான்.

"புயல் வார்னிங் குடுத்துருக்காங்க, தெரியுமாண்ணே?"

"தெரிஞ்சிதான்பா வந்துகீறோம்," என்றார் மணி மாமா.

நர்மதா துப்பட்டாவை முக்காடாகப் போட்டுக்கொண்டாள். தெரிந்துவிட்டால் அப்பா கத்தமாட்டார். "நாளைலேர்ந்து போவாத" என்பார். அவ்வளவுதான். ஆண்கள் அரை டிராயரோடு குதிக்கிற இடத்தில், கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு பெண் நிற்பதா என்பது ஒன்று. குப்பம் முழுக்க, ஏலக்கூடத்தில்கூட, "எம்பொண்ணு சைன்டிஸ்டு" என்று சொல்லி வைத்திருப்பது இன்னொன்று. ஆனால் நர்மதாவுக்கு அந்த வேலை வேண்டியிருந்தது. வீட்டுக்கு நாலு பேர் வந்தாலே சமையற்கட்டுக்குள் போய்விடுகிறவள், இங்கே அலைக்குளத்து மேடையில் மைக்கைப் பிடித்து முந்நூறு பேரைக் கரையேறச் சொல்வாள். அவர்களும் ஏறுவார்கள். முதல் தடவை அவர்கள் ஏறியபோது, தனக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று அவள் திரும்பிப் பார்த்தாள்.

உடை மாற்றும் இடத்தில், நைலான் உடுப்பு வாடகைக்குக் கொடுக்கும் ரமாபாய் அக்கா இருந்தாள். நர்மதாவைப் பார்த்ததும் வாயைத் திறந்தாள். நர்மதா கண்ணாலேயே கெஞ்சினாள். ரமாபாய்க்கு விஷயம் புரிந்துவிட்டது. கொஞ்சம் அதிகமாகவே புரிந்துவிட்டது.

"வாங்க மேடம், வாங்க. மொத தபாவா வர்றீங்க? பாத்தா தெரியுது. பாத்ரூம் எந்தாண்ட கீதுன்னுகூட ஒங்களுக்குத் தெரியாதே. நீங்க எங்க இங்கெல்லாம் வந்துருக்கப் போறீங்க."

மணி மாமாவின் மகள் சினேகா நர்மதாவோடு கல்லூரியில் படித்தவள். அவள் நர்மதாவின் காதருகே வந்தாள். "இன்னாடி, அந்தக்கா ஒன்கிட்ட மட்டும் பேசிகினே கீது?"

"மூஞ்சி ராசி," என்றாள் நர்மதா.

அதற்குள் அம்மா கன்னியம்மாவுக்கும் பார்க்குக்கும் தகராறு தொடங்கியிருந்தது. நைலான் உடுப்பு இல்லாமல் குளத்தில் இறங்கக்கூடாது என்பது சட்டம்.

"கடல்லயே பொடவயோட எறங்குனவ நானு. இந்தத் தொட்டிக்கு இன்னா தனியா டிரஸ்ஸு?"

"காட்டன் நூலு போச்சுன்னா பில்ட்டர் அடச்சிக்கும்மா. எங்க சூப்பர்வைசர் பொண்ணு ஒண்ணு கீது, ரொம்ப கறாரு," என்றாள் ரமாபாய், நர்மதாவைப் பார்க்காமல்.

"எவ அவ, இத்தெல்லாம் கண்டுபுடிச்சவ?"

நர்மதா சுவரில் ஒட்டியிருந்த சறுக்கு விளையாட்டுப் படத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கன்னியம்மா வெளியே வந்தபோது கணுக்கால் வரை நைலான் பேன்ட், மேலே டால்பின் சிரிக்கிற தொளதொள சட்டை, அதற்கும் மேலே மானத்துக்கு ஒரு துண்டைத் தாவணியாகச் சுற்றியிருந்தாள். ராமதாஸ் பூப்போட்ட டிராயரில் நின்றுகொண்டு அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"வாலிபால் மேட்ச்சுக்குப் போற மாரியே கீற."

"நீ மட்டும் இன்னாவாம். ஜன்னல் ஸ்கிரீன கிய்ச்சி கட்டிகினு."

மழையில் பார்க்கே காலியாக இருந்தது. ஒரு கல்லூரிக் கும்பலும், கைகோத்துக்கொண்டு நடுங்கிய ஒரு புதுத் தம்பதியும் தவிர அலைக்குளத்தில் எல்லாம் எண்ணூர்க்காரர்கள்தான். ராமதாஸ் இடுப்பளவு தண்ணீரில் போய் நின்றார். ஒரு கை அள்ளி வாயில் விட்டார். துப்பினார்.

"உப்பில்ல. மருந்து போட்டுகீறான். சாஸ்தி."

"சாஸ்தியெல்லாம் இல்ல நைனா. மய பெஞ்சா இன்னும் கொறயத்தான் செய்யும்," என்று சொன்ன பிறகுதான் நர்மதா நாக்கைக் கடித்தாள்.

ராமதாஸின் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா மணி. நான் வாயில ஊத்தி சொல்றத்த அவ பாத்துகினே சொல்றா. லேபுனா சும்மாவா."

"ஒன் பொண்ணு எங்கியோ போவப் போறா மாமு," என்றார் மணி மாமா.

நர்மதாவுக்கு அங்கேயே முழுகிவிடலாம் போலிருந்தது. முழுகவும் வேண்டி வந்தது. எதிரே கண்ணாடி மேடையில் மஹீன் வந்து நின்றான். அவள் லீவு நாட்களில் குளத்தைப் பார்த்துக்கொள்கிறவன். அவளைக் கண்டதும் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினான். நர்மதா மூக்கு வரைக்கும் தண்ணீருக்குள் இறங்கினாள். விளையாடுகிறாள் என்று நினைத்து அவன் இன்னும் வேகமாக ஆட்டினான்.

"அலைக்குளம்னு போட்டுகீறான், ஒரு அல கூட காணோம்," என்று ராமதாஸ் குறைப்பட்டுக்கொண்டிருந்தார். "நம்ம வூட்டுப் பின்னால கீறத்த வுட்டுட்டு வந்து..."

அப்போது சைரன் ஊதியது.

அலையைத் திறந்துவிடும் முன் ஊதுவார்கள். நர்மதா என்றால் சின்னதாக இரண்டு தடவை அமுக்குவாள். மஹீன் பட்டன் மேலேயே உட்கார்ந்துவிட்டவனைப்போல் அமுக்குவான். நீளமாக, ஏறி இறங்கி, மழையைக் கிழித்துக்கொண்டு அது ஊதிய மறுகணம், இது எப்படித் தனக்குத் தோன்றாமல் போயிற்று என்று அவள் தன்னையே நொந்துகொண்டாள். மூக்கு வரை முழுகி மஹீனிடமிருந்து ஒளிவதிலேயே புத்தி முழுக்கப் போயிருந்தது.

ஒரு தடவை குப்பத்துக்குப் பக்கத்துக் கம்பெனிக் குழாயில் கேஸ் கசிந்து, ஊரே கண்ணைக் கசக்கிக்கொண்டு ஓடியது. அதற்குப் பிறகு அதிகாரிகள் வந்து பழக்கிக் கொடுத்தார்கள். சைரன் கேட்டால் ஈரத்துணியால் மூக்கைப் பொத்த வேண்டும். காற்றடிக்கும் திசையில் போகாமல் குறுக்கே ஓட வேண்டும். பக்கத்து வீட்டாரை விட்டுவிட்டு ஓடக்கூடாது. மாதம் ஒரு தடவை ஒத்திகை. அவர்கள் தெருவுக்குத் தலைவர் ராமதாஸ். கையில் கட்ட ஒரு பச்சைப் பட்டைகூடக் கொடுத்திருந்தார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் இந்த சைரனைக் கேட்டு நர்மதாவே துப்பட்டாவை நனைத்திருக்கிறாள். மஹீன் ஒரு வாரம் சிரித்தான்.

"துணிய நனச்சிக்கோ," என்றார் ராமதாஸ். பதறவில்லை. இருபது பேரும் ஒரே அசைவாகத் துண்டையும் சட்டை நுனியையும் தண்ணீரில் முக்கி மூக்கில் வைத்தார்கள். ராமதாஸ் முகத்தை உயர்த்திக் காற்றைப் பார்த்தார். "கெயக்கேர்ந்து அடிக்குது. வடக்கால வாங்க. ஓடாத, வேகமா நட."

"நெடி வருதுய்யா," என்றாள் கன்னியம்மா, துண்டுக்குள்ளிருந்து. குளோரின் நெடி. நேற்று மாலை நர்மதா அளந்து போட்டது.

பக்கத்து வீட்டாரை விடக்கூடாது என்பதால் மணி மாமா கல்லூரிக் கும்பலைக் கரையேற்றினார். கன்னியம்மா புதுப்பெண்ணின் கையைப் பிடித்து, டால்பின் சட்டையின் நுனியைப் பிழிந்து அவள் மூக்கில் அழுத்தினாள். அவள் புருஷன் எதுவும் கேட்காமல் தன் பனியனைத் தூக்கி மூக்கை மூடிக்கொண்டான். வழியில் காவல்காரர் தடுத்தார். இத்தனை பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு வருவதைப் பார்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றி முகத்தில் கவிழ்த்துக்கொண்டு அவரும் சேர்ந்துகொண்டார். மேடையில் மஹீன் மைக்கைப் பிடித்தான்.

"யாரும் பயப்பட வேண்டாம். ஒன்றும் ஆகவில்லை."

அதைக் கேட்டதும் எல்லோரும் ஓடத் தொடங்கினார்கள்.

வடக்கே பார்க்கின் பின்கேட். அதற்கு அப்பால் ஆந்திரா போகிற ரோடு. பகலிலேயே விளக்கைப் போட்டுக்கொண்டு லாரிகள் தண்ணீரை வாரியடித்துப் பறந்தன. ராமதாஸ் போன வேகத்தில் தாழ்ப்பாளைப் பிடித்து ஆட்டினார். துரு; நகரவில்லை. மணி மாமா ஒரு கல்லைத் தேடினார். நர்மதா கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னே வந்தாள்.

"நைனா, தொறக்காத. லாரி வருது. கேஸெல்லாம் ஒண்ணியும் இல்ல. அலைக்கு முன்னாடி ஊதுவாங்க. போர்டுல எய்திகீது."

"போர்டுல ஆயிரம் எய்துவான். அன்னிக்கும் ஒண்ணியும் இல்ல, போய்ப் படுங்கன்னுதானே சொன்னான்." தாழ்ப்பாள் கொஞ்சம் அசைந்தது. "நீ மூக்க மூடு மொதல்ல."

"ஒண்ணும் இல்லன்னு எனக்குத் தெரியும் நைனா."

"எப்டித் தெரியும் ஒனக்கு?"

அவள் சினேகாவைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். மணி மாமாவின் கையில் கல் கிடைத்துவிட்டிருந்தது. மைக் இல்லாமல் இத்தனை பேர் முன்னால் அவள் பேசியதில்லை. குரல் எங்கேயோ அடியில் கிடந்தது. அதை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"நான் இங்கதான் நைனா வேல செய்றேன். தெனம் அந்த சைரன அமுக்குறதே நான்தான்."

ராமதாஸின் கை தாழ்ப்பாளிலேயே இருந்தது. மழையில் வரிசையாக முகங்கள். மூக்குக்கு மேலே கண்கள் மட்டும். யாரும் துணியை எடுக்கவில்லை. பின்னால், ஆளில்லாத குளத்தில், அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து டைல்ஸ் கரையில் மோதிக்கொண்டிருந்தன.